கல் இல்லை

புன்டா அரேனாஸில் நவம்பர் காற்றுக்கு
ஆளின் எடை ஒரு பொருட்டில்லை.
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்.
ஒரு கையால் அந்தக் கயிற்றையும்
மறு கையால் இடது விலாவின் கீழ்ப்பக்கத்தையும் பிடித்தபடி
அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்
நிபால்டோ பர்ரியா,
நண்டுப் படகின் இரண்டாவது ஆள்.
வாசலிலேயே வாந்தி.

"கல்" என்றார் டாக்டர் ஓர்மேன்யோ,
முகத்தைப் பார்த்த மாத்திரத்தில்.
இப்படி நெளிந்துகொண்டு வருகிறவர்கள்
பெரும்பாலும் அதைத்தான் சுமந்து வருகிறார்கள்.
சிறுநீரில் கொஞ்சம் ரத்தமும் இருந்தது.
அப்புறம் என்ன.

மருந்து ஏற்றாமல் முதல் ஸ்கேன்.
பலகை வளையத்துக்குள் நழுவிப் போய்த் திரும்பியது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யஸ்னா மிலிசிச்
சீவல் சீவலாகப் புரட்டினாள்:
கல்லீரலின் கீழ்விளிம்பு, முதுகெலும்பின் வெண்மை,
இரண்டு சிறுநீரகங்கள்,
ஒரே சாம்பல், ஒரே அளவு.
குழாயில் கல் இல்லை. பையில் இல்லை.
மணல்கூட இல்லை.

"நழுவி விழுந்திருக்கும்.
ஊசி போட்டு அனுப்பிவிடலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.
நரம்பு தேடி அவர் மணிக்கட்டைப் பிடித்தபோது
விரலில் பட்டது நினைவிருந்தது:
இரண்டு துடிப்பு, ஒரு தயக்கம்,
நாலு துடிப்பு ஓட்டமாய், மறுபடி தயக்கம்.
டீசலில் தண்ணீர் கலந்த என்ஜின் மாதிரி.
படம் எடுப்பவள் சொல்லவேண்டிய விஷயமில்லை அது.
சொன்னாள்.
டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்,
கிரியேட்டினின் எண்ணைப் பார்த்தார்,
பிறகு அவளை.
"சரி, அயோடின் ஏற்று."

"உடம்பு சூடாகும்.
படுத்தபடியே சிறுநீர் போய்விட்டது போல இருக்கும்,
போயிருக்காது" என்றாள்.
"சூடா?" என்றார் பர்ரியா.
"சீசன் தொடங்கிய ஜூலையிலிருந்து
அது எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டது."
இயந்திரத்தின் பதிவுக் குரல்
மாட்ரிட் உச்சரிப்பில்
மூச்சைப் பிடிக்கச் சொன்னது.
கடித்த பல்லோடு பிடித்தார்.

வலது சிறுநீரகம் சுடர்ந்தது,
விளக்கேற்றிய கூடாரம் போல.
இடதும் சுடர்ந்தது,
மேல்முனை நீங்கலாக.
அங்கே ஓர் ஆப்பு.
கூர் உள்நோக்கி, அடி வெளிநோக்கி,
கரி.
மருந்து அதன் வாசல்வரை போய்
நின்றுவிட்டது.
முதல் படத்தில் ஏன் தெரியவில்லை என்றால்
செத்த சதையும் உயிருள்ள சதையும்
சாம்பல் நிறத்தில் ஒன்றுதான்.
வெளிச்சம் கொடுத்துப் பார்த்தால்தான்
வாங்கிக்கொள்ளாத இடம் எது என்று தெரிகிறது.

கல் இல்லை, கட்டி. அதுவும் இங்கே பிறந்ததில்லை.
இதயத்தின் மேலறை தாளம் தப்பி
நடுங்கிக்கொண்டே இருந்ததில் உறைந்த துளி
புறப்பட்டு, பெருங்குழாயில் இறங்கி,
இடப்பக்கம் திரும்பியிருக்கிறது.
இறங்காமல் மேலே போயிருக்கலாம்,
பேச்சு இருக்கும் இடத்துக்கு.
ஓர்மேன்யோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
ஊசி போட்டு அனுப்புவது பற்றி
அதன் பிறகு யாரும் பேசவில்லை.

பர்ரியா படத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.
யஸ்னா திரையைத் திருப்பினாள்.
"இந்த இடம் மறுபடி வளருமா?
ராஜ நண்டுக்குக் கால் ஒடிந்தால்
ஓடு கழற்றும்போது புதுசு முளைக்கும்.
முதலில் குட்டையாக. அப்புறம் சரியாகிவிடும்."
"இது முளைக்காது."

அவர் தலையசைத்தார்.
பிறகு, கருப்பின் வெளி ஓரத்தில்
மயிரிழை அகலத்துக்கு ஓடிய வெள்ளைக் கோட்டை
விரலால் தொட்டார். "இது?"
மேலுறையின் சின்ன நாளங்கள்
அந்த விளிம்பை மட்டும்
உயிரோடு வைத்திருக்கின்றன என்று
விளக்கப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.
"பனிமழையில் தீவு தெரியாது" என்றார்.
"பாறையில் அலை உடைகிற வெள்ளை மட்டும் தெரியும்.
அதை வைத்துத்தான் படகைத் திருப்புவோம்."

ஹெபரின் பையை மாட்ட ஆள் வந்தார்.
வெளியே ஐந்து மணிக்கே வெளுத்துவிட்டது,
கயிறு காற்றில் விம்மிக்கொண்டிருந்தது.
அடுத்த பெயரைக் கூப்பிடுமுன் யஸ்னா
தன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து
எண்ணத் தொடங்கி,
பாதியில் விட்டாள்.